செஸ் எஞ்சின் நம்மைக் கெட்டிக்காரர் ஆக்குகிறதா, வெறும் விடைத்தாளா?

சிப்பாய்64 | திங்கள், இரவு 9.12

கணினி மனித மூளையைக் கூர்மையாக்குகிறதா என்று பொதுவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், ஒன்றையும் அளந்து பார்க்க முடியாது. அளக்கத் தோதான துறை சதுரங்கம். ஆட்டங்கள் நகர்த்தல் வாரியாகப் பதிவாகின்றன, ஆடுகிறவர்களுக்கு ரேட்டிங் (திறமையைக் காட்டும் எண்) இருக்கிறது, சரியா தவறா என்று சொல்ல மனிதனைவிடப் பலமான எஞ்சினும் (செஸ் ஆடும் கணினி நிரலும்) இருக்கிறது. அதனால் இந்த இழையைச் செஸ்ஸோடு நிறுத்திக்கொள்வோம்.

1997 மே மாதம் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினி 3½–2½ என்று அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்த இயந்திரம் அது. இன்று சட்டைப்பையில் இருக்கும் போனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் அதைவிடப் பலம். இதனால் மனிதர்கள் உயர்ந்தார்களா?

உயர்ந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று வயது. 1958இல் ஃபிஷர் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் (செஸ்ஸின் உச்சப் பட்டம்) ஆனது உலக அதிசயம். 2021இல் அபிமன்யு மிஸ்ரா 12 வயது 4 மாதத்தில் ஆகிவிட்டார். இந்தியாவில் 1988இல் ஆனந்த், 1991இல் திப்யேந்து பரூவா, 1997இல் பிரவீன் திப்சே. பத்து வருடத்தில் மூன்றே பேர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இது எஞ்சின் செய்த வேலையா, இல்லை போட்டிகளும் இணையமும் பெருகியதாலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ட்கேம்_பிரியன் | திங்கள், இரவு 10.40

நல்ல கேள்வி. ஆனால் வயதுக் கணக்கை வைத்து முடிவு கட்ட முடியாது. போட்டிகள் கூடின, நார்ம் (பட்டத்துக்குத் தேவையான போட்டித் தகுதி) வாங்கும் வழி சுலபமானது, எல்லாம் கலந்து கிடக்கிறது. கணினியின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்டும் பழைய சம்பவம் ஒன்று உண்டு.

ராணிக்கு எதிராக யானை. காய் அவ்வளவுதான், சிப்பாய் கிடையாது. ராணிப் பக்கம் சுலபமாக ஜெயிக்கும் என்று புத்தகங்கள் இரண்டு பக்கத்தில் முடித்துவிடும். 1970களின் கடைசியில் கணினி விஞ்ஞானி கென் தாம்ப்சன் இந்த முடிவாட்டத்தின் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், எண்ட்கேம்) எல்லா நிலைகளையும் கணக்கிட்டுத் தரவுத்தளமாக வைத்தார். மிகக் கடினமான நிலையிலும் 31 நகர்த்தலில் வெற்றி. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் பந்தயம் கட்டி ராணியோடு உட்கார்ந்தார். யானைப் பக்கம் கணினி. 50 நகர்த்தல் விதிக்குள் (அதற்குள் காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லையென்றால் டிரா கேட்கலாம்) அவரால் முடிக்க முடியவில்லை. மனிதர்கள் எல்லோரும் யானையை ராஜா பக்கத்திலேயே வைத்துத் தற்காப்பார்கள். இயந்திரமோ யானையைத் தள்ளி நிறுத்தி, ராணிப் பக்கத்து ராஜாவை மூன்றாம் வரிசையில் வேலி போட்டு மறித்தது. பிரவுன் போய்ப் படித்துவிட்டு வந்தார். இரண்டாம் முறை ஜெயித்தார், அதுவும் சரியாக 50வது நகர்த்தலில்.

முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நடந்ததைத்தான் நான் 'கெட்டிக்காரத்தனம் கூடியது' என்பேன். இயந்திரம் அவருக்கு விடை எதையும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து, அவர் அறிவில் இருந்த ஓட்டையைக் காட்டியது. அடைத்தது அவர்தான்.

இன்னொன்று: இரண்டு பிஷப்புகளுக்கு எதிராக ஒரு குதிரை. 1851இல் கிளிங், ஹார்விட்ஸ் இருவரும் காட்டிய தற்காப்பு நிலையை வைத்து இது டிரா என்று நூறாண்டுக்கு மேல் எல்லோரும் நம்பினார்கள். 1983இல் தாம்ப்சனின் கணக்கு வந்தது: பொதுவாக வெற்றி, அதிகபட்சம் 66 நகர்த்தல். உலகச் செஸ் அமைப்பான ஃபிடே சில முடிவாட்டங்களுக்கு 50 விதியைத் தளர்த்தி, பிறகு பழையபடி 50க்கே திரும்பியது. ஆனால் இந்த 66 நகர்த்தல் வழியை இன்றும் மேசையில் தடுமாறாமல் ஆடக்கூடியவர்கள் அபூர்வம். விடை கைக்கு வந்து நாற்பது வருடமாகியும் மனித அறிவாக முழுக்க மாறவில்லை. யானையும் சிப்பாயும் எதிர் யானை என்பதில் நிலைமை வேறு. கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் அந்தத் தரவுத்தளத்தைத் துருவி, மனிதன் நினைவில் வைக்கக்கூடிய விதிகளாக எழுதிக் கொடுத்தார். அது பயிற்சி வகுப்பு வரை இறங்கியது. நடுவில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது, பாருங்கள்.

கறுப்புராணி | செவ்வாய், காலை 6.55

எண்ட்கேம் சரி. ஓப்பனிங்கில் (ஆட்டத் தொடக்கத்தில்) நடப்பது வேறு கதை. 22 நகர்த்தல் ஆழத்துக்கு எஞ்சின் வரிசையை மனப்பாடம் செய்கிறார்கள். எதிராளி 14வதில் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் நகர்த்தலை ஆடுகிறார். அங்கிருந்து என்ன செய்வதென்று தெரியாமல் அரைமணி நேரம் கரைகிறது. முதல் 13 நகர்த்தலும் ஏன் என்று தெரியாமல் ஆடியவை, அதுதான் காரணம்.

2018 உலக சாம்பியன்ஷிப்பில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் ஆட்டமும் டிரா. இரண்டு பக்கமும் இயந்திரம் வைத்து ஓட்டையை அடைத்துவிட்டால் நடுவில் என்ன மிஞ்சும்?

கோடு_குமரன் | செவ்வாய், காலை 8.20

> 12 ஆட்டமும் டிரா

2024 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்பில் குகேஷ்–டிங் லிரென்: 14 ஆட்டத்தில் 5 முடிவு கண்டன. எஞ்சின்கள் 2018ஐவிடப் பலமாக இருந்த வருடம் அது. அதனால் எஞ்சின் = டிரா என்ற சமன்பாடு நிற்காது. இப்போதைய தயாரிப்பில் சிறந்த நகர்த்தலைத் தேடுவது குறைந்துவிட்டது. எஞ்சின் 0.00 (இரு பக்கமும் சமம்) என்று காட்டும் பத்து நிலைகளில், மேசையில் எதிராளி தனியாக மண்டையை உடைக்க வேண்டியது எது என்று தேடுகிறார்கள். லீலா என்ற எஞ்சினில் வெற்றி/டிரா/தோல்வி என்று மூன்று விகிதமாகப் பார்க்கலாம். ஒரே 0.00, ஒன்றில் டிரா 95 விழுக்காடு, இன்னொன்றில் 60. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க மனிதனைப் பற்றிய அறிவு வேண்டும்.

பலர் எண்ணைத் தப்பாகப் படிப்பதால் சில தொழில்நுட்ப விஷயங்கள்.

+1.00 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்பது பழைய பொருள். ஸ்டாக்ஃபிஷ் 15.1லிருந்து (டிசம்பர் 2022) +1.00 என்பது, எஞ்சினும் எஞ்சினும் ஆடினால் வெள்ளை ஜெயிக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்று பொருள்படும்படி அளவிடப்படுகிறது. மனிதர் ஆட்டத்தை வைத்துக் கணக்கிடும் லிசெஸ் இணையதளத்தின் சூத்திரத்தில் அதே +1.00 ஏறக்குறைய 59 விழுக்காடுதான். '+0.7 இருந்தும் கோட்டை விட்டான்' என்று 1400 ரேட்டிங் பையனைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

செட்டிங். ஸ்டாக்ஃபிஷ் இயல்பாக 1 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு இழை), 16 எம்பி ஹேஷ் (பார்த்த நிலைகளை வைக்கும் நினைவகம்) என்றுதான் தொடங்கும். அப்படியே விட்டு ராத்திரி முழுக்க ஓட்டினால், பார்த்த நிலைகளை வைக்க இடமில்லாமல் அழித்து அழித்து மறுபடி கணக்கிடும். 8 ஜிபி ராம் இருந்தால் ஹேஷ் 2048, திரெட் எண்ணிக்கை கோர் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக. மல்டிபிவியை (எத்தனை சிறந்த நகர்த்தல்களைக் காட்ட வேண்டும் என்ற எண்) 3 வையுங்கள். 1 என்று வைத்தால் 'ஒரே நகர்த்தல்தான் உண்டு' என்ற மாயை வரும். முதலுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 0.15தான் என்று கண்ணால் பார்த்தால் அந்த மாயை கலையும்.

கோட்டை நிலைகள். எதிர் நிற பிஷப்புகள், அடைபட்ட சிப்பாய்ச் சங்கிலி, ராணிக்கு எதிராக யானையும் ஒரு சிப்பாயும் போன்ற இடங்களில் +2 என்று காட்டிக்கொண்டே இருக்கும், நுழைய வழி இருக்காது. சோதனை எளிது. எஞ்சின் சொல்வதையே இருபது நகர்த்தல் ஆடிப் பாருங்கள். எண் ஏறாமல் அங்கேயே நின்றால் கோட்டை என்று சந்தேகியுங்கள். 7 காய்க்குள் வந்துவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு டேபிள்பேஸை (தாம்ப்சன் செய்தது போல எல்லா நிலைகளையும் கணக்கிட்ட தரவுத்தளம்) கேளுங்கள், அது கணிப்பு அல்ல, தீர்ப்பு.

சந்தேகசாமி | செவ்வாய், பகல் 1.05

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் தலைப்பில் உள்ள 'கெட்டிக்காரர்' எங்கே போனார்? செஸ்ஸில் கெட்டிக்காரர் ஆவது வேறு, கெட்டிக்காரர் ஆவது வேறு.

1973இல் சேஸும் சைமனும் செய்த சோதனையைப் பாருங்கள். நடு ஆட்ட நிலையை 5 நொடி காட்டி மறைத்தார்கள். மாஸ்டர் சுமார் 16 காயைத் திருப்பி வைத்தார், புதியவர் 4. அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோது மாஸ்டரும் ஏறக்குறையப் புதியவர் நிலைக்கு இறங்கிவிட்டார். அதாவது மாஸ்டருக்கு இருப்பது பொது ஞாபகசக்தி இல்லை, செஸ் உருவங்களின் கிடங்கு. கணினி அந்தக் கிடங்கை வேகமாக நிரப்பும். வேறு எதையும் நிரப்பியதாகச் சான்று இல்லை. இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் 100 தொடக்கப் பள்ளிகளில் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வந்தது: 30 வாரம் செஸ் கற்ற பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கழித்துக் கணக்கில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. செஸ்ஸே கணக்குக்கு உதவவில்லை, செஸ் எஞ்சினா உதவப்போகிறது?

எண்ட்கேம்_பிரியன் | செவ்வாய், மாலை 5.30

சாமி சொல்வதை மறுக்கவில்லை. விளம்பரத்தில் 'செஸ் கற்றால் ஐக்யூ கூடும்' என்று போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஆனால் எல்லா அறிவும் ஏதோ ஒரு துறைக்குள்தானே இருக்கிறது? நல்ல தச்சர் தச்சில் கெட்டிக்காரர். அவருக்குக் கணக்கு வரவில்லை என்பதற்காக உளி வீண் என்று சொல்ல மாட்டோம்.

துறைக்குள் கூடுகிறதா என்பதற்கு அளவெடுத்த ஆய்வே இருக்கிறது, ஆனால் கோ என்ற பலகை ஆட்டத்தில். 2016 மார்ச்சில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோ நிரல் 4–1 என்று கோ வீரர் லீ செடோலை வென்றது. 1950 முதல் 2021 வரை தொழில்முறை ஆட்டக்காரர்கள் எடுத்த 58 லட்சம் முடிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2023இல் வெளியானது. பல பத்தாண்டுகள் பெரிதாக ஏறாமல் கிடந்த முடிவுகளின் தரம், இயந்திரம் வந்தபின் ஏறியிருக்கிறது. அதைவிட முக்கியம், முன்பு யாரும் ஆடாத நகர்த்தல்களும் கூடியிருக்கின்றன. வெறும் காப்பி என்று தள்ள முடியாது.

கறுப்புராணி | செவ்வாய், மாலை 6.10

மனப்பாடம் செய்த புது நகர்த்தலும் 'புது நகர்த்தல்' கணக்கில்தானே வரும்? :)

எண்ட்கேம்_பிரியன் | செவ்வாய், மாலை 6.48

வரும். அதனால்தான் டீப்மைண்ட் ஆட்கள் செஸ்ஸில் செய்த சோதனை எனக்குப் பிடிக்கும். ஆல்ஃபாஸீரோ என்ற தங்கள் எஞ்சினின் உள்ளிருந்து சில கருத்துகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் புதிர் நிலைகள் அமைத்தார்கள். நான்கு கிராண்ட்மாஸ்டர்கள் முதலில் தாமாகத் தீர்த்தார்கள். பிறகு ஆல்ஃபாஸீரோவின் விடைகளைப் பார்த்தார்கள். பிறகு அதே கருத்து உள்ள, ஆனால் முன்பு பார்க்காத புதிய நிலைகள். நால்வரும் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். நிலை புதிது என்பதால் மனப்பாடம் உதவாது. நான்கே பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன்.

வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தன் விடை, பிறகு இயந்திர விடை, பிறகு புது நிலை. நம்மில் பலர் நடுவில் இருப்பதை மட்டும் செய்கிறோம்.

கோவை_கோச் | செவ்வாய், இரவு 9.35

பிரியன் சார் கடைசியில் சொன்ன வரிசைதான் பயிற்சியின் உயிர். நடைமுறையில் எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். 1200 முதல் 2000 ரேட்டிங் வரை பொருந்தும்.

ஆட்டம் முடிந்த அன்றைக்கே, எஞ்சின் இல்லாமல், நாற்பது நிமிடம். ஆடும்போது என்ன நினைத்தோம், வேறு எந்த நகர்த்தலைப் பார்த்தோம், ஏன் விட்டோம், கடிகாரத்தில் எவ்வளவு மீதி என்று ஸ்கோர் ஷீட் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு நாள் தள்ளினால் நினைத்தது மறந்து, நினைத்திருக்க வேண்டியது ஞாபகமாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஆட்டம் திரும்பிய இடங்கள் என்று மூன்று, மிஞ்சினால் ஐந்து நிலைகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் யார் மேல், எவ்வளவு மேல் என்று தன் மதிப்பீட்டை எழுத வேண்டும். எழுதாமல் மனதில் வைத்தால், எஞ்சினைப் பார்த்தவுடன் 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்றாகிவிடும். ஏமாற்று வேலை என்றுகூடச் சொல்ல முடியாது, மனித மனம் அப்படித்தான்.

அடுத்து எஞ்சின். மதிப்பீட்டுப் பட்டை (யார் மேல் என்று எஞ்சின் காட்டும் பட்டை) மூடியிருக்கட்டும். குறித்த நிலைகளில் மட்டும் ஓட்டுங்கள். கேட்க வேண்டிய கேள்வி 'எது சிறந்தது' அல்ல, 'என் நகர்த்தல் ஏன் பலிக்கவில்லை'. உங்கள் நகர்த்தலைப் போர்டில் ஆடிவிட்டு எதிராளிக்கு எஞ்சின் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அந்தப் பதிலுக்கும் உங்களிடம் ஒரு பதில் இருந்தால் அதையும் ஆடுங்கள். மூன்று நான்கு சுற்றில் கருத்து உடைவது கண்ணுக்குத் தெரியும். ஒரு நிலைக்கு அரை நிமிடம் ஓடினால் போதும், இந்த மட்டத்துத் தவறுகளுக்கு அதற்குமேல் ஆழம் வேண்டாம்.

கடைசியாக ஒவ்வொரு தவறுக்கும் தமிழில் ஒரே வரி. 'கணக்கை ஒரு நகர்த்தல் முன்னாலேயே நிறுத்தினேன்.' 'எதிராளியின் செக்கைப் பார்க்கவில்லை.' 'காய் மாற்றினால் டிரா என்று தப்பாக நம்பினேன்.' பத்து ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்திருக்கும். எஞ்சின் இதைச் சொல்லாது. 23வது நகர்த்தல் மோசம் என்று சொல்லும், உங்களுக்கு இருக்கும் வியாதியின் பெயரைச் சொல்லாது.

புதிர் ஆப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் வெற்றி உண்டு என்று முன்கூட்டியே தெரியும். அதனால் பிள்ளைகள் கண்ணில் பட்ட காய்ப் பலியைத் தட்டிவிட்டு, சரியாக இருந்தால் அடுத்ததற்குப் போகிறார்கள். ஆப் ரேட்டிங் 2300, போட்டி ரேட்டிங் 1350. மருந்து: முழு வரிசையையும் தாளில் எழுதிய பிறகே முதல் காயைத் தொட வேண்டும். பத்துப் புதிருக்கு மூன்று என்ற கணக்கில், வெற்றியே இல்லாத சாதாரண நிலைகளைக் கலந்து கொடுங்கள். 'இங்கே ஒன்றுமில்லை, யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுபோகிறேன்' என்று சொல்லத் தெரிவதும் திறமைதான்.

சிப்பாய்64 | புதன், காலை 7.15

அருமை கோச். குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும் கட்டம் வரை எஞ்சின் இல்லாமல் வளர்ந்தார் என்று படித்தோமே. அதை எல்லோருக்கும் வழியாக எடுத்துக்கொள்ளலாமா?

கோவை_கோச் | புதன், காலை 9.02

அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவும் அவரும் பேட்டிகளில் சொன்ன விஷயம்தான் அது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஒளித்துவைத்தால் குகேஷ் வந்துவிட மாட்டார். கிராண்ட்மாஸ்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'உன் கணக்கில் இது ஓட்டை' என்று உடனே சொன்னார். அந்த வசதி இல்லாத ஊரில் தவறைச் சுட்ட வேறு ஆள் கிடையாது, எஞ்சின்தான். சென்னையில் இருக்கிற பிள்ளைக்கும் ராமநாதபுரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரே விதி போட முடியாது.

கோடு_குமரன் | புதன், காலை 9.40

மனிதனும் இயந்திரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் இங்கே வர வேண்டும். 2005 ஃப்ரீஸ்டைல் (கணினி உதவியோடு ஆடலாம்) போட்டியில் கிராண்ட்மாஸ்டர்கள் இருந்த அணிகளைத் தாண்டி ஜெயித்தது ஜாக்எஸ் என்ற அணி: இரண்டு சாதாரண ஆட்டக்காரர்கள், வீட்டுக் கணினிகள், பல எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிட்டுச் சரிபார்க்கும் ஒழுங்கு. 'மனிதன் + இயந்திரம்' என்று மேடைப் பேச்சுகளில் இன்றும் இதை எடுக்கிறார்கள். சொல்லாமல் விடுவது: அந்தக் காலம் முடிந்துவிட்டது. அப்போது எஞ்சின்களுக்குத் தெரியாத இடங்கள் இருந்தன. இப்போது எஞ்சின் அனுமதிக்கப்பட்ட அஞ்சல்வழி செஸ்ஸின் உச்ச மட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே டிரா. மனிதன் தலையிட்டால் கெடுக்கவே வாய்ப்பு அதிகம்.

சந்தேகசாமி | புதன், பகல் 12.25

ஆக, கருவி பலமானபோது கூட்டணியில் மனிதனின் பங்கு சுருங்கியது. தனியாக மேசையில் உட்காரும்போதுதான் அவன் கற்றது தெரிகிறது. கருவியை எடுத்துவிட்ட பிறகு அளக்க வேண்டும் என்கிறீர்கள். இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அடிக்கடி ஒத்துக்கொள்ள மாட்டேன், குறித்துக்கொள்ளுங்கள்.

கறுப்புராணி | புதன், மாலை 4.50

அப்படியானால் ஓப்பனிங் தயாரிப்பையும் அப்படியே சோதிக்கலாம். வரிசையை எஞ்சினோடு பார்த்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு மரப் பலகையில் காயை அடுக்கி, 12வது நகர்த்தலில் எதிராளிக்காக ஒரு சாதாரண விலகலை ஆடி, பத்து நிமிடம் கடிகாரம் வைத்து யோசியுங்கள். சிப்பாய் அமைப்பு என்ன, எந்தக் காயை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது என்று இரண்டு வரி எழுத முடிந்தால் அந்த ஓப்பனிங் உங்களுடையது. முடியாவிட்டால் அந்த அமைப்பில் மாஸ்டர்கள் ஆடிய முழு ஆட்டங்கள் பதினைந்து இருபதைப் பாருங்கள். எஞ்சின் காட்டும் நகர்த்தல் கிளைகளை இன்னும் ஆழமாக்குவதால் பயன் இல்லை.

சிப்பாய்64 | புதன், இரவு 8.30

கோச், ஒரு சந்தேகம். பெரிய போட்டிகளை நேரலையில் பார்க்கும்போது மதிப்பீட்டுப் பட்டை ஓரத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் அதை மட்டும் பார்த்து 'ஐயோ, பிளண்டர்' என்று கத்துகிறார்கள். பார்க்க விடலாமா?

கோவை_கோச் | புதன், இரவு 9.10

விடலாம், பட்டையை மறைத்துவிட்டு. பல தளங்களில் செட்டிங்கில் அணைக்க வழி உண்டு. யூடியூப் படத்திலேயே இருந்தால் திரை ஓரத்தில் ஒரு அட்டையை ஒட்டுங்கள், செலவில்லை. ஆட்டக்காரர் யோசிக்கிற நேரம் முழுக்கப் பிள்ளையும் யோசிக்கட்டும், நகர்த்தலைத் தாளில் எழுதட்டும், பிறகு அட்டையைத் தூக்கிப் பார்க்கலாம். சிங்கப்பூர் 14வது ஆட்டத்தில் டிங் 55வதில் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தியதும் பட்டை ஒரேயடியாகச் சாய்ந்தது, உலகமே பார்த்தது. ஏன் தோல்வி என்று கேட்டால் பட்டையைப் பார்த்தவர்களில் பலருக்குப் பதில் இல்லை. யானைகள் மாறும், மூலையில் மாட்டியிருக்கும் பிஷப்பும் மாறும், மிச்சம் சிப்பாய் முடிவாட்டம், கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம். இந்த நிலையைப் பலகையில் வைத்துப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். பத்து நிமிடத்தில் தானே கண்டுபிடிக்கும்.